ஒரே நாளில் பிறந்த தொண்ணூற்றேழு பேர்

காணாமல் போனவரின் புகைப்படம் இருக்கிறதா என்று சந்திரமதி கேட்டதும், பூங்காவனம் கைப்பையைத் திறந்து ஒரு செம்பருத்திப் பூவின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆளு நல்ல சிவப்பு," என்றான் ஜெயபாலன்.

சந்திரமதி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே காஜா பேராங் சாலையில் மாடி அறை ஒன்றை எடுத்துத் துப்பறியும் பலகை மாட்டியவர் அவர். எரியாத வீட்டுக்கும் சாகாத மனிதருக்கும் இழப்பீடு கேட்டு வந்தவர்களை அத்தனை காலம் பார்த்ததில், அவர் முகம் எதற்கும் மாறுவதில்லை. உதவியாளன் ஜெயபாலன் முன்பு சுற்றுலா வழிகாட்டி. மலாக்காவின் வரலாற்றை வெள்ளைக்காரர்கள் எப்படிக் கேட்க விரும்பினார்களோ அப்படியே சொல்லிப் பிழைத்தவன். உண்மையோடு மல்லுக்கட்டும் இந்தத் தொழிலுக்கு வந்ததில் அவனுக்குக் கூட்டம் குறைந்தது, வாய் குறையவில்லை.

அது 2007 ஆகஸ்ட் கடைசி. நாடு சுதந்திரம் பெற்று ஐம்பது வருடம் நிறையப் போகிற வாரம். கார்களுக்கு நான்கு மூலையிலும் கொடி. கொடி பறக்காத வண்டி ஜெயபாலனின் மோட்டார் மட்டும்தான். அதில் எதைக் கட்டினாலும் வழியில் விழுந்துவிடும், சில நாள் ஜெயபாலன் உட்பட.

"இவர் பேரு தெய்வநாயகம். அஞ்சு மாசப் பழக்கம்," என்றார் பூங்காவனம். நாற்பத்தாறு வயது, அரசாங்கக் கிளினிக்கில் தாதி. வெள்ளைச் சீருடையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பாத்தீங்க?"

"பாக்கல."

"போன்ல பேசியிருக்கீங்களா?"

"நம்பர் கொடுத்தேன் மேடம். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் திரையில பத்து நட்சத்திரமாத்தான் வந்துச்சு."

ஜெயபாலன் வாயைத் திறந்தான். சந்திரமதி விரலை உயர்த்தினார். அவன் மூடிக்கொண்டான்.

கதை இதுதான். கிளினிக் அறிவிப்புப் பலகையில் மார்ச் மாதம் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 'கூட்டாளி டோட் கோம். நம் வட்டாரத் தமிழர்கள் இணையத்தில் சந்திக்கும் இடம்.' பூங்காவனம் பதிந்துகொண்டார். முதல் வாரமே, முகத்துக்குப் பதில் அந்தச் செம்பருத்திப் படத்தை வைத்திருந்த தெய்வநாயகம் என்பவரிடமிருந்து வரவேற்புச் செய்தி வந்தது. இவர் பதில் எழுதினார், அவரும் எழுதினார். தாயார் இறந்தபோது அண்ணன் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்விகளை அந்த மனிதர் கேட்டார். எட்டு நாளைக்கு முன்பு பூங்காவனம் உள்ளே நுழையப் பார்த்தபோது 'அப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று வந்தது. தெய்வநாயகத்தின் பெயரையும் காணோம். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த தளத்தில் இப்போது பதினைந்து பேர்.

"கடைசியா என்ன எழுதியிருந்தாரு?"

"'அடுத்த வாரம் முடிவு தெரிஞ்சிடும்'னு."

"எந்த முடிவு?"

பூங்காவனம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். "நான் வேற ஒண்ணு நெனச்சேன்."

பிறகு கைப்பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். பதவி உயர்வு வந்திருக்கிறது, கடல் கடந்து சபாவில், தாவாவ் ஊரில். ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம், வேண்டாம் என்று ஒரு கடிதம். இரண்டையும் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் கடிதங்களை வாங்கிப் பதியும் அலுவலகக் கெராணியிடம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

"இப்ப மணி ரெண்டு," என்றார். "அவர் ஏமாத்துக்காரர்னா சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். தெரிஞ்சா போதும்."

அழமாட்டேன் என்று சொன்னபோது அவர் கட்டைவிரல் உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, சந்திரமதி கவனித்தார்.

தாதிகள் எதையும் எழுத்தில் வைத்துக்கொள்பவர்கள். பூங்காவனம் ஒரு கனமான கோப்பைக் கொடுத்துவிட்டு, மூலை நாற்காலியில் காத்திருக்க உட்கார்ந்தார். உள்ளே ஐந்து மாதச் செய்திகள், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், நூற்று நாற்பது பக்கம். கடைசியில், ஆட்கள் மறைவதற்கு முன்பு அச்சிட்ட தளத்தின் உறுப்பினர் பட்டியல். எண், பெயர், பிறந்த தேதி, தொழில், பொழுதுபோக்கு.

சந்திரமதி பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் நின்று அதை ஜெயபாலனிடம் நீட்டினார்.

"பிறந்த தேதியை மட்டும் படி."

"முப்பத்தொண்ணு எட்டு ஐம்பத்தேழு. முப்பத்தொண்ணு எட்டு ஐம்பத்தேழு. முப்பத்தொண்ணு..." அவன் விரல் கீழே ஓடியது. "அக்கா, தொண்ணூத்தேழு பேர் ஒரே நாள்ல பொறந்திருக்காங்க. அதுவும் நாடு சுதந்திரம் வாங்குன அன்னிக்கி. கொடியேத்தப் போனவங்களைத் தவிர எல்லாரும் பிரசவ ஆஸ்பத்திரியிலதான் இருந்திருப்பாங்க போல."

"காணாமப் போனது எத்தனை பேரு?"

ஜெயபாலன் மனத்துக்குள் கழித்துப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டில் பதினைந்து போனால். அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதே தொண்ணூத்தேழு."

"மோட்டாரை எடு."

தொலைபேசிப் புத்தகத்தில் காஜா பேராங் வட்டாரத்தில் ஒரே ஒரு தெய்வநாயகம்தான் இருந்தார், அதுவும் மளிகைக் கடையாக. கல்லாவில் அறுபது வயதுக்காரர் ஒருவர் வெங்காயத்தில் அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் சேதுராமன் என்றார்.

"தெய்வநாயகத்தைப் பாக்கணும்," என்றார் சந்திரமதி.

"மேல இருக்காரு."

ஜெயபாலன் மாடிப்படியைத் தேடினான். சேதுராமன் கையால் காட்டியது சுவரை. மாலை போட்ட படத்திலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் அவனை முறைத்தார்.

"எங்க தாத்தா. போய் முப்பத்தோரு வருஷமாச்சு."

"அப்ப எட்டு நாளா காணோம்னு சொன்னது கொஞ்சம் கம்மி," என்றான் ஜெயபாலன். "அஞ்சு மாசமா இன்டர்நெட்ல ஒரு அம்மாகிட்டப் பேசிக்கிட்டிருந்தாராம் அண்ணே."

சேதுராமன் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்கறப்பவே பாட்டிகிட்ட பேசாத மனுஷன் லா அவரு."

சந்திரமதி கடைக்கு வெளியே வந்து நடைபாதையில் நின்றார். தலைக்குமேல் பலகை: தெய்வநாயகம் மளிகை. பட்டியலில் முதல் எண், தெய்வநாயகம்.

"ரெண்டாவது யாரு?"

"லிம் செங் ஹுவாட்."

பக்கத்துக் கடையில் டயர்கள் அடுக்கியிருந்தன. பலகையில் லிம் செங் ஹுவாட்.

"மூணு?"

"ஹாஜி யூசோப்." அடுத்தது முடிதிருத்தும் கடை. ஹாஜி யூசோப் என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் தாடியில் நுரை தடவிக்கொண்டிருந்தார். "நாலாவது ரோஸ்னா." தையல் கடை. ஜெயபாலனின் குரலில் உற்சாகம் ஏறியது. "அஞ்சாவது..." அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஆவாஸ் அஞ்சிங்."

தையல் கடையைத் தாண்டி ஒரு மலாக்கா செட்டி வீடு. இரும்புக் கதவில் சிவப்பு எழுத்தில் அதே இரண்டு மலாய்ச் சொற்கள்: நாய் ஜாக்கிரதை.

"தொழில் ஆசிரியர், பொழுதுபோக்கு புத்தகம் படிக்கறது," என்று ஜெயபாலன் வாசித்தான். "பரவால்ல அக்கா, குடும்பத்துல மொத பட்டதாரி."

"அந்த நாயும் செத்துப் போச்சு," என்று கடைக்குள்ளிருந்து சேதுராமன் குரல் கொடுத்தார். "போன தீபாவளிக்கு."

ஆறாவது உறுப்பினர் டிலாராங் பின் மாசோக். அந்த வீட்டை அடுத்த காலி நிலத்தின் வேலியில் 'டிலாராங் மாசோக்' என்று தகரம் தொங்கியது. உள்ளே நுழையாதே என்ற எச்சரிக்கைக்கு நடுவில், மலாய்ப் பெயர்களில் 'மகன்' என்று பொருள்படும் ஒரு 'பின்' போட்டு அதை மலாய்க்காரராக்கியிருந்தார்கள். அத்தோடு சாலையின் பலகைகள் முடிந்தன, பட்டியல் முடியவில்லை. ஏழாவது ஆள் ஹுவாட் செங் லிம், எட்டாவது யூசோப் ஹாஜி. எழுதியவர் அதே பெயர்களை முன்னும் பின்னுமாகப் புரட்டியே தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.

"இவ்வளவு சோம்பேறியான குற்றவாளியை நான் பாத்ததில்ல," என்றான் ஜெயபாலன்.

"சோம்பேறி இல்ல. பேர் தோணல. பேர் தோணாதவன் என்ன பண்ணுவான்?"

"ஜன்னல் வழியாப் பாப்பான்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சாலைக்கு எதிர்ப்புற மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு துணிப் பதாகை: 'ஆறே மாதத்தில் இணையதளம் கட்டலாம். வயது தடையில்லை.'

கணினி வகுப்பை நடத்திய கருணாகரனுக்கு வயதுதான் பெரிய தடை. இருபத்தாறு வயதில் தன்னைவிட இரு மடங்கு மூத்தவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆலைகளில் வேலை இழந்தவர்களுக்கான பயிற்சி. பாடப் புத்தகம் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு சமூக வலைத்தளத்தைத் தாமே கட்ட வேண்டும், கட்டக் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் மாதம் பதிவுப் படிவமும் செய்தி அனுப்பும் வசதியும், இரண்டாம் மாதம் நட்புப் பட்டியல். பதினைந்து மாணவர்கள், பதினைந்து தளங்கள். உலகத்துக்கு அப்போது குறைவாக இருந்தது அதுதான் என்பதுபோல.

"ஜன்னல் ஓரத்துல உக்காரறது யாரு?" என்று கேட்டார் சந்திரமதி.

"மாணிக்கவாசகம் அங்கிள். சான்றிதழ் வாங்க இன்னிக்கி வந்திருக்காரு, உள்ள இருக்காரு. ஏன் மேடம்?" கருணாகரன் குரலைத் தாழ்த்தினார். "நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு எனக்குப் புரியவே இல்ல. மாசக்கணக்கா எனக்குப் பலகாரம் கொண்டாந்து கொடுக்கறாரு. தோளைத் தட்டி, 'எல்லாம் சரியாயிடும் சார்'னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் ஆகல மேடம்."

சந்திரமதியின் புருவம் லேசாக உயர்ந்தது. அவர் முகத்துக்கு அது பெரிய அசைவு.

மாணிக்கவாசகம் ஜன்னலருகே சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்பது வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. மின்னணு ஆலையில் இருபத்திரண்டு வருடம் சிறு சிறு பாகங்களைப் பொருத்தியவர். ஆலை ஒருநாள் வேறு நாட்டுக்குப் போனது, அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

"கூட்டாளி டோட் கோம் உங்களுதா?"

"ஆமாம்மா." அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நல்லா இருக்கா?"

"தெய்வநாயகம் யாரு?"

"நான்தான். சோதனைக்குப் போட்ட பேரு. ஆள் இல்லாம தளம் வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது? வகுப்புல இருக்கற பதினஞ்சு பேர் பத்தாதுன்னு நானே தொண்ணூத்தாறு பேரைப் போட்டேன். பிறந்த தேதி மட்டும் முன்கூட்டியே நிரம்பியிருக்கற மாதிரி எழுதிட்டேன், சுதந்திர தினம். ஒவ்வொரு தடவையும் தட்டச்சுப் பண்ண வேண்டாம் பாருங்க."

"தொண்ணூத்தாறா?" என்றான் ஜெயபாலன். "நாங்க தொண்ணூத்தேழு எண்ணினோம். ஒரு ஆள் கூடுதலா சுதந்திரம் வாங்கியிருக்கான்."

சந்திரமதி பட்டியலின் அடிப்பகுதியைத் தட்டினார். "இந்தத் தொண்ணூத்தேழுல, இந்த ரோட்டுல எந்தப் பலகையிலயும் இல்லாத பேரு ஒண்ணு இருக்கு. பூங்காவனம். அது யாரு?"

மாணிக்கவாசகம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"வெளிய சொல்லாதீங்க. அது எங்க சார்தான்."

ஜெயபாலன் பட்டியலில் அந்தப் பெயரை மறுபடி படித்துப் பார்த்தான்.

"மொத மாசமே சார் சொன்னாரு, யாருக்கும் தெரியாம உங்க தளத்துக்கு வேஷம் போட்டு வந்து சோதிப்பேன்னு. அந்த வாரமே பூங்காவனம்னு ஒரு ஆளு சேர்ந்தது. தேதியக்கூட மாத்தல, சுதந்திர தினமே இருந்துச்சு. நெஜ ஆளா இருந்தா தன் பிறந்தநாளைப் போட மாட்டாங்களா? சார்தான்னு புரிஞ்சுக்கிட்டேன். மார்க் போடுவாருன்னு ஒழுங்கா பதில் எழுதினேன். நம்பரெல்லாம் அனுப்பிச் சோதிச்சாரு. நான் விடுவேனா? போன் நம்பர் வந்தா நட்சத்திரமாயிடற மாதிரி ஏற்கெனவே எழுதியிருந்தேன். பாதுகாப்புப் பாடம்."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா செத்துட்டாங்கன்னு எழுதினாரு. அவ்வளவு கஷ்டத்தை வெச்சுக்கிட்டுக் காலையில வந்து நமக்குப் பாடம் நடத்தறாரேன்னு எனக்குத் தாங்கல."

"அங்கிள்," என்றார் வாசலில் நின்ற கருணாகரன். எப்போது வந்தாரோ தெரியவில்லை. "எங்கம்மா செமாபோக்ல நல்லா இருக்காங்க. வேஷம் போட்டு வர்றேன்னு சொன்னேன், வாஸ்தவம். எனக்கு நேரமே கெடைக்கல. உங்க தளத்துக்கு ஒரு நாள்கூட நான் வரல."

மாணிக்கவாசகம் அவரைப் பார்த்தார். சந்திரமதியைப் பார்த்தார். மடியிலிருந்த சான்றிதழ் நழுவித் தரையில் விழுந்ததை எடுக்கவில்லை.

"அப்ப அவங்க நெஜ ஆளா?"

"கிளினிக்ல தாதி. நீங்க ஒட்டுன தாளைப் பாத்துச் சேர்ந்தவங்க. எட்டு நாளா உங்களைத் தேடறாங்க. அவங்களையும் சேத்து ஏன் அழிச்சீங்க?"

"ஒப்படைக்கறதுக்கு முன்னாடி சோதனை ஆளுங்களை எடுத்துடணும்னு சார் சொன்னாரு. ஒரே வரிதாம்மா. அந்தத் தேதியில பொறந்தவங்க எல்லாரையும் எடுன்னு எழுதி ஒரு தட்டுத் தட்டினேன்." அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார். "தட்டறப்ப மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. சாரோட பேச்சு இத்தோட முடிஞ்சிடுச்சேன்னு."

"முடிவு தெரியும்னு எழுதினது?"

"பரீட்சை முடிவு."

ஜெயபாலன் கைக்கடிகாரத்தைச் சந்திரமதியின் முகத்துக்கு நேராகக் காட்டினான். நான்கு அடிக்கப் பத்து நிமிடம்.

பூங்காவனம் அதே மூலை நாற்காலியில் அதே நேர்முதுகோடு உட்கார்ந்திருந்தார். சந்திரமதி எல்லாவற்றையும் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். காப்பீட்டு அறிக்கை மாதிரி, அடைமொழி இல்லாமல். மாணிக்கவாசகம் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அஞ்சு மாசமா," என்றார் பூங்காவனம் மெதுவாக, "என்னை இருபத்தாறு வயசு ஆம்பளைன்னு நெனச்சீங்க."

"ஆமாங்க."

"நான் சேலை எடுத்ததை எழுதினப்பகூட?"

"பாத்திரத்தோட ஒன்றிட்டாருன்னு நெனச்சேன்."

ஜெயபாலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. பூங்காவனம் சிரிக்கவில்லை. கோப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இது எல்லாம் வீட்டுப் பாடம். வேலை போனதை அக்காகிட்ட சொல்ல முடியாம நாலு மாசம் தினம் காலையில ஆலைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, புக்கிட் பாரு திடல்ல போய் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்னு எழுதினீங்களே. அதைப் படிச்சிட்டு நான் ராத்திரி சாப்பிடல. அதுவும் மார்க்குக்குத்தான்."

மாணிக்கவாசகம் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகினார். முகம் காதுவரை சிவந்திருந்தது. சந்திரமதி அவரைப் பார்த்தார், பிறகு பட்டியலைப் பூங்காவனத்தின் முன்னால் விரித்தார்.

"அம்மா, இருபத்தெட்டு வருஷம் பொய் சொல்றவங்களைத்தான் பாத்தேன். பொய்க்குக் கொஞ்சம் மூளை வேணும். இந்த மனுஷருக்கு ஒரு பேரு தேவைப்பட்டுச்சு, எதிர்க்கடைப் பலகையைப் பாத்து எழுதினாரு. இன்னொரு பேரு தேவைப்பட்டுச்சு, நாய் ஜாக்கிரதைன்னு எழுதினாரு. ஒரு பேரைக்கூடக் கற்பனை பண்ணத் தெரியாதவரு, நூத்தி நாப்பது பக்கம் எப்படிக் கற்பனை பண்ணுவாரு? பேரைத் தவிர இதுல இருக்கறது அத்தனையும் நடந்தது."

"அத்தனையும் நடந்ததுதாங்க," என்றார் மாணிக்கவாசகம். "வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. சார்னு நெனச்சதால சொல்ல முடிஞ்சுது. ஒரு பொம்பளைன்னு தெரிஞ்சிருந்தா வெக்கத்துல வணக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்."

பூங்காவனம் கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதன்முறையாக அந்த மனிதரை மேலிருந்து கீழ்வரை, புது நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு இரண்டு உறைகளில் ஒன்றைப் பிரித்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஜெயபாலன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் விழுந்தது. தாவாவ் போக ஒப்புக்கொள்ளும் கடிதம் அது.

"அக்கா, இவ்ளோ தூரம் கண்டுபிடிச்சுக் கொண்டாந்தும்..." என்று அவன் சந்திரமதியின் காதில் ஆரம்பித்தான்.

"சும்மா இரு."

"பதினெட்டு வருஷமா இந்தப் பதவிக்குக் காத்திருந்தேன்," என்றார் பூங்காவனம், யாரிடம் என்றில்லாமல். "பேரே தெரியாத ஒருத்தருக்காக வேண்டாம்னு எழுதிப் போடற அளவுக்குப் போயிட்டேன். அது தப்பு." உறையை ஒட்டினார். "உங்க பேரு என்னன்னு சொன்னாங்க?"

"மாணிக்கவாசகம்."

"வேலை கெடைச்சிடுச்சா?"

"இல்லங்க. தேடிக்கிட்டிருக்கேன்."

பூங்காவனம் எழுந்து சீருடையை நீவிவிட்டுக்கொண்டார். கதவருகே போனதும் நின்றார்.

"இங்கதான் தேடணும்னு இருக்கா?"

மாணிக்கவாசகம் அதை ஒரு பரீட்சைக் கேள்வியைப்போல எடுத்துக்கொண்டார். நெற்றி சுருங்க யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான்கே முக்கால் ஆகிவிடும்போல் இருந்தது. ஜெயபாலன் பொறுமையில்லாமல் மோட்டார் சாவியைக் கையில் சுழற்றினான்.

"இல்லங்க," என்றார் கடைசியில். "அப்படி ஒண்ணும் இல்ல."

"சரி. கெராணி அஞ்சுக்குக் கிளம்பிடுவாரு. பேசிக்கிட்டே நடக்கலாம் வாங்க."